ஆடிக் கோபமும் கார்த்திகைக் கத்தரியும்

1

எழுந்து வாருங்கள், வாசகரே. வண்டி வாசலில் நிற்கிறது. ஜன்னலோரம் ஆள் இருக்கிறது. அதற்கடுத்த இருக்கை காலியாக இருக்கிறது, அதில் உட்காருங்கள். ஓசூரைத் தாண்டிப் பாகலூர் சாலையில், ஆலைகளின் மதில்கள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றில் ஒரு தவறு நடந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டும். உங்களை அழைத்துப் போவது அதற்குத்தான்.

தவறு இதுதான். சந்தையில் ரோஜாவின் விலை இறங்கினால், ரோஜா பறிக்கிறவளின் கூலியும் இறங்குகிறது. சந்தையில் ரோஜாவின் விலை ஏறினால், ரோஜா பறிக்கிறவளின் கூலி ஏறுவதில்லை. இறங்குவதற்குப் படிக்கட்டு கட்டியவர்கள் ஏறுவதற்குக் கட்ட மறந்துவிட்டார்கள். மறதி என்றால் ஒரு முறை வரும். இரண்டு முறை வரும். ஆண்டு தவறாமல் வருவதை மறதி என்று அழைக்க நான் தயாராக இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததன்று, துண்டறிக்கையாகப் பிறந்தது. 'பூவின் விலை ஏறியது, கூலி ஏறியதா?' என்று தலைப்பிட்டு, ஒரே தாளின் இரு பக்கங்களுக்குள் முடித்துவிடும் எண்ணத்தோடு எழுதத் தொடங்கினேன். நான்காம் பத்தியில் ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. "ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம்" என்று எழுதினேன். எடுத்துக்கொண்ட பிறகு அவளைக் கீழே வைக்க முடியவில்லை. அவளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. பெயர் வைத்ததும் வீடு வேண்டியிருந்தது. வீடு வந்ததும் அந்த வீட்டில் அவளோடு வாயாட ஒரு மகள் வேண்டியிருந்தது. துண்டறிக்கை இத்தனை பேரைத் தாங்காது. ஆகவே கதை.

2

எப்படித் தொடங்குவது?

"சிவந்த ரோஜாக்களே, உங்கள் சிவப்பு யாருடைய வியர்—"

இல்லை. வியர்வை சிவப்பாக இருப்பதில்லை. மேடையில் இந்த வரிக்குக் கைதட்டல் எழும். தாளில் படிக்கிறவர் பேனாவை எடுத்துக் கேள்விக்குறி போடுவார்.

"செல்வச் சீமான் வெங்கடப்பன், தன் முறுக்கு மீசையைத் தடவியபடி, குளிர்பதன வசதி கொண்ட காரிலிருந்து—"

இதுவும் இல்லை. பசுமைக்குடிலின் உரிமையாளரான வெங்கடப்பன் சீமான் அல்லர். கேழ்வரகு விளைந்த மூன்று ஏக்கரில் வங்கிக் கடன் வாங்கிக் குடில் போட்டவர். பழைய பைக்கில் வருவார். மீசை உண்டு, தடவ நேரமில்லை. தொழிலாளியின் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதே பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகிறவர். அவரைக் கொடியவராக வரைந்தால் என் வேலை எளிதாகும். உங்கள் சாட்சியம் பொய்யாகும். நல்லவர் நடத்துகிற இடத்திலேயே இந்தத் தவறு நடக்கிறது. என் குற்றச்சாட்டின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

"மாதேஸ்வரி கோபித்துக்கொண்ட மாதம் ஆடி."

இது நிற்கட்டும்.

3

மாதேஸ்வரி கோபித்துக்கொண்ட மாதம் ஆடி. ஒவ்வோர் ஆண்டும் அவள் ஆடியில்தான் கோபித்துக்கொண்டாள்.

ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் மேடை அலங்காரம் இல்லை. அலங்காரம் இல்லையென்றால் ரோஜாவைக் கேட்பார் இல்லை. ரோஜாவைக் கேட்பார் இல்லையென்றால் மாதேஸ்வரியைக் கேட்பாரும் இல்லை. "வாரத்துக்கு மூணு நாள் வந்தாப் போதும்மா" என்பார் வெங்கடப்பன். அந்த மூன்று நாளுக்கும் கூலியைக் கொஞ்சம் வெட்டுவார். அவளும் அவளோடு வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் பெட்டி கட்டும் கொட்டகைக்குப் போய்ச் சத்தம் போடுவார்கள். அவர் அவர்களைக் குடிலின் பின்பக்கம் கூட்டிப்போவார். அங்கே ஒரு குழி. குழி நிறைய விற்காத ரோஜா.

"இத எடுத்துட்டுப் போயி வித்துட்டு வாங்க. வர்ற காசு பூரா உங்களுக்கே. நான் ஒரு ரூபா கேக்க மாட்டேன்."

அழுகும் பூக்களை யாரிடம் விற்பது? திரும்பி வருவார்கள்.

பிறகு தை வரும். பிப்ரவரி பதினான்காம் நாளுக்கு உலகமெங்கும் காதலர்கள் ரோஜா கேட்பார்கள். ஐந்து ரூபாய்க்கு ஆளில்லாமல் கிடந்த பூ, பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் குளிர்பதன வண்டியில் இளவரசியைப் போல ஏறும். மொட்டு முன்கூட்டியே விரிந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வலை உறை மாட்ட வேண்டும். நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். இருபது இருபதாகக் கட்ட வேண்டும். விடுமுறை கிடையாது. "யாரும் ஊருக்குப் போயிடாதீங்கம்மா" என்று வெங்கடப்பன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வார்.

முதல் பெட்டி கிளம்பும் நாளில் அவருடைய மனைவி தேங்காய் உடைப்பார். வண்டிக்குப் பொட்டு வைப்பார். பெண்களை வரிசையாக நிற்க வைத்து மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி, கை நிறையக் கேசரி கொடுப்பார். அவர்களில் மூத்தவளான சென்னம்மா துணியை விரலால் நெருடிப் பார்த்து, "போன வருசத்துக்கு இது தேவல" என்று தீர்ப்புச் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். யாருக்கும் கோபம் இருக்காது. கூலி அதேதான்.

கோபம் வருகிற மாதத்தில் அவர்களுக்குப் பலம் இல்லை. பலம் வருகிற மாதத்தில் அவர்களுக்குக் கோபம் இல்லை.

(இந்த இரண்டு வரிகளைத் துண்டறிக்கையின் தலையில் போட்டிருந்தால் போதும், கதையே வேண்டாம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். வரி தெரிந்த எல்லோரும் வழி தெரிந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. மேலே படியுங்கள்.)

4

இடையில் ஒரு சொற்பொழிவு. சுருக்கமாக முடிக்கிறேன், முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உழைப்பை யாரும் உழைப்புக்காக வாங்குவதில்லை. பூ வேண்டும் என்பதால் பறிக்கும் கை வேண்டும். போன் வேண்டும் என்பதால் அதன் பாகங்களைப் பூட்டும் விரல் வேண்டும். வீட்டுக்குத் தரைக்கல் வேண்டும் என்பதால் பர்கூர்ப் பக்கத்துக் குவாரியில் கல்லைப் பிளக்கும் தோள் வேண்டும். பொருளைக் கேட்கிறவர் தனக்கே தெரியாமல் ஆளைக் கேட்கிறார். பொருளை வேண்டாம் என்கிறவர் தனக்கே தெரியாமல் ஆளை வேண்டாம் என்கிறார். நீங்கள் கடையில் நின்று ஒரு பொருளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது, எங்கோ ஒருத்தியின் வாரத்தில் ஒரு நாள் குறைகிறது.

இதுவரை பாடப் புத்தகமும் சொல்லும். இனிச் சொல்வது என் கட்சி. பொருளுக்குக் கூடுகிற தேவை ஆளைக் கூப்பிடுகிறது. கூலியைக் கூப்பிடுவதில்லை. பூவின் விலை ஏறியதும் கூலி தானாக எழுந்து உட்காரும் என்று நம்பியிருந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தேவை கதவைத் திறக்கும். உள்ளே போய்க் கேட்கிறவருக்குத்தான் கூலி கிடைக்கும். கதவு எந்த மாதம் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை மாதேஸ்வரியின் அடுப்படியில் கிடைத்தது.

5

தீபாவளி கழிந்து ஒரு வாரம். பட்டப்பகலில் மூத்த மகள் சௌமியா வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்போன் உதிரிபாகம் செய்கிற ஓர் ஆலையில் அவளுக்கு வேலை. காலையில் ஆலையின் பேருந்து வந்து ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். சில நாட்களாகப் பேருந்து வரவில்லை.

சௌமியா டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தவள். கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள்கள் ஆடியை ஒட்டித்தான் வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியில் மாதேஸ்வரிக்கு வாரம் மூன்று நாள் வேலை. பர்கூர்க் குவாரிக்குப் போகும் அவள் கணவனுக்கு அதுவும் இல்லை. "நான் பஸ் ஏறிக்கறேன்மா" என்றாள் சௌமியா. ஏறிக்கொண்டாள். இளையவள் மேகலா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வருகிற ஆடியில் அவள் கல்லூரிக்குப் போவாளா, அந்தப் பேருந்தில் ஏறுவாளா? இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அது ஒன்றுதான்.

[இவ்விடத்தில் கண்ணீர் வரவழைக்கும் இரண்டு பத்திகள் எழுதி அடித்துவிட்டேன். அழுகிறவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.]

"இன்னிக்கும் பஸ் வரலியாடி?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"வரல. போன் வாங்கறவங்க எல்லாம் தீபாவளிக்கே வாங்கிட்டாங்க. இனிமே எங்க மூஞ்சிய யாரு பாப்பாங்க?"

"போன மாசம் லீவே போடாதீங்கன்னு கெஞ்சறாங்கன்ன?"

"கெஞ்சத்தான் கெஞ்சினாங்க. எங்க லைன்ல ஒருத்திக்குக் காய்ச்சல்னு அவ வீட்டுக்கே ஆட்டோ அனுப்பினாங்கன்னா பாரேன். சூப்பர்வைசரு பிரியாணி வேற வாங்கிக் குடுத்தாரு."

"பிரியாணியா? எங்களுக்கு இத்தன வருசமா கேசரிதான்."

"உங்க ஓனரு கஞ்சன்மா."

"ஆட்டோ வச்சுக் கூப்பிட்டாங்கல்ல, அப்பவே சம்பளத்தக் கேட்டிருக்கலாமில்ல? பிரியாணியத் தின்னுட்டு வந்து நிக்கறியே."

சௌமியா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆமா, நீ கேட்டுக் கிழிச்ச. வருசா வருசம் ரவிக்கத் துணிய வாங்கியாந்து பீரோல அடுக்கறியே, ஒண்ணாவது தச்சியா?"

"தைக்கற கூலி யாரு குடுப்பா?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ரெண்டு பேரும் வெளிய போயி சண்ட போடுங்க" என்றாள் மேகலா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "எனக்கு நாளைக்கு டெஸ்ட்டு."

மாதேஸ்வரி பீரோவைத் திறந்தாள். தைக்காத துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் இருந்தது சாயம் மங்கியிருந்தது. ஒவ்வொரு துணியும் ஒரு பிப்ரவரி. வெங்கடப்பன் தனித்தனியாக வந்து "ஊருக்குப் போயிடாதீங்கம்மா" என்று சொன்ன ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவள் கை நீட்டி வாங்கியது இது. அப்போதே வாய் திறந்து கேட்டிருக்க வேண்டியது வேறொன்று.

பிப்ரவரியிலும் கேட்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மொட்டு வந்துவிட்டால் வேலை மூச்சு முட்டும். கையில் கூடுதல் காசு புழங்கும். யாரும் உட்கார்ந்து பேச வரமாட்டார்கள். அதற்கும் முன்னால் போக வேண்டும். பிப்ரவரிப் பூவைச் செடியிடம் எந்த நாளில் கேட்டு வாங்குகிறார்கள்? கவாத்து நாளில். கார்த்திகைக் கடைசியில் செடியை வெட்டினால்தான், ஏறத்தாழ ஐம்பது நாளில் துளிர் விட்டு, தண்டு நீண்டு, மொட்டு சரியாகத் தை முடியும்போது வரும். கவாத்து தள்ளிப்போனால் பூவும் தள்ளிப்போகும். பதினான்காம் தேதிக்குப் பிறகு வருகிற ரோஜாவைக் குழிதான் வாங்கிக்கொள்ளும்.

அவள் துணிகளை எடுத்து ஒரு பையில் வைத்தாள்.

6

கவாத்து நாள் காலையில் வெங்கடப்பன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, பெண்கள் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கவாத்துக் கத்தரிகள் மடியில் இருந்தன. மாதேஸ்வரி முன்னமே ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போய்ப் பேசியிருந்தாள்.

"என்னாம்மா, ஏதாச்சும் பூசையா?"

"கூலி பேசணும்ணா" என்றாள் மாதேஸ்வரி.

"இப்பவா? பூ எங்க இருக்குது? செடியில இலதான் இருக்குது. பூ வரட்டும், பேசுவோம்."

"பூ வந்துட்டா எங்களுக்குப் பேச நேரம் இருக்காதுண்ணா."

"கேசரி வேற திங்கணும்" என்றாள் சென்னம்மா.

பெண்கள் சிரித்தார்கள். வெங்கடப்பனும் சிரித்தார். சிரித்து முடித்தும் யாரும் எழாததைப் பார்த்து, தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்னா கேக்கறீங்க?"

"நாளுக்கு அம்பது ரூபா கூட. ஆடியிலயும் அது எறங்கக் கூடாது."

"தையில அம்பது என்னம்மா, கூடயே தர்றேன். ஆடிக்கும் சேத்துக் கேட்டா நான் எங்க போவேன்? ஆடியில பூவக் குழியில கொட்டறத நீதான் பாத்தியே."

"பாத்தேண்ணா. தையில வண்டி மேல வண்டியா போறதயும் பாத்தேன். ரெண்டயும் பாத்தவ நானு. நீங்க எனக்குக் குழிய மட்டும் காட்டறீங்க."

வெங்கடப்பன் தலைக்கவசத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். "வெல என் கையில இல்லம்மா. பெங்களூர்ல வாங்கறவன் சொல்றதுதான்."

"கூலி உங்க கையிலதானண்ணா இருக்குது."

(வெங்கடப்பன் சொன்னது பொய்யன்று. பெட்டிக்கு என்ன விலை என்பதை ஏற்றுமதி செய்கிற வியாபாரிதான் தீர்மானிக்கிறார். அவரோடு வெங்கடப்பன் சண்டை போடுவதும் ஆடியில்தான். தையில் வெங்கடப்பனுக்கும் ஒரு பெட்டி ஸ்வீட் வந்துவிடுகிறது. இந்தக் கதை அவரைப் பற்றியதாக இருந்திருந்தால், அவரையும் அந்த வியாபாரியின் வாசலில் கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார வைத்திருப்பேன்.)

மாதேஸ்வரி பையைத் திறந்தாள்.

முதல் வரைவில் அவள் துணிகளை எடுத்து மேசையில் விட்டெறிந்தாள். மேடை அதிரும். ஆனால் மாதேஸ்வரி துணியை எறிகிறவள் அல்லள். அதுவும் மஞ்சள் குங்குமத்தோடு வந்த துணியை. அந்தப் பக்கத்தை அடித்தேன். அவள் துணிகளை இரு கையாலும் எடுத்து, மடிப்புக் கலையாமல் தலைக்கவசத்தின் பக்கத்தில் வைத்தாள். சென்னம்மா தன்னுடையதை வைத்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து வைத்தார்கள். தைத்து உடுத்திவிட்டவர்கள் ஒன்றும் வைக்காமல் தலை குனிந்து நின்றார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெங்கடப்பனின் முகம் மாறியது. "எங்க வீட்டுல சாமி கும்பிட்டுக் குடுத்ததம்மா. திருப்பித் தர்றியா?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அக்காவுக்கு எங்க மேல பிரியம், தெரியும். ஆனா இத வாங்கி வச்சுக்கிட்டு கூலி கேக்க வாய் வர மாட்டேங்குது. அதான் கொண்டாந்தேன்."

அவர் வெளியே போய் போனை எடுத்தார். கோபம் வந்தால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். சுரேந்தர் என்று ஒருவன்; வேன் வைத்து, வேலை இல்லாத ஊரிலிருந்து வேலை இருக்கிற ஊருக்கு ஆள் ஏற்றி விடுகிறவன். அவனோடு வெங்கடப்பன் உரக்கப் பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தாய்மொழி. அந்த எரிச்சலில் அது அவருக்கு நினைவில்லை.

"நாளைக்குக் காலையில மத்தூர்ப் பக்கத்துலருந்து வேன் வருதாம்" என்று சென்னம்மா மற்றவர்களுக்குச் சொன்னாள். பிறகு வெளியே பார்த்து, "அண்ணா, மெதுவாப் பேசுங்க. உங்களுக்கு பீபி இருக்குதில்ல" என்றாள்.

7

மறுநாள் வேன் வந்தது.

மத்தூர்ப் பக்கத்தில் மாங்காய்ப் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது. மழையும் ஏமாற்றியது. வயலில் வேலை இல்லாத பெண்கள் வேன் நிறைய இருந்தார்கள். குடில் பெண்கள் வாசலை மறிக்கவில்லை. கத்தரிகளை மடியில் வைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மாதேஸ்வரியும் சென்னம்மாவும் மட்டும் எழுந்து வந்தார்கள். மாதேஸ்வரி நேராக வேனின் ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலோரம் ஜெபசீலி என்றொருத்தி, கழுத்தில் சிறு சிலுவை, மடியில் சாப்பாட்டுத் தூக்கு.

"கவாத்து பண்ணியிருக்கீங்களாம்மா?"

"மாமரத்துல பண்ணுவோம். ரோஜா பழக்கமில்ல. சொல்லிக் குடுப்பாங்கன்னாங்க."

"எவ்வளவுன்னு பேசிக் கூட்டியாந்தாங்க?"

ஜெபசீலி சுரேந்தரைப் பார்த்தாள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்குக்கா?" என்றான் சுரேந்தர். "நீ உன் ஓனர்கிட்டப் பேசு. நான் டீசல் போட்டுக் கொண்டாந்திருக்கறேன்."

"டீசலுக்கு வலிக்காம வண்டியத் திருப்பத் தெரியாதா உனக்கு?" என்றாள் சென்னம்மா.

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். ஜெபசீலி தொகையைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மாதேஸ்வரி வாங்குகிற நாள்கூலியைவிட அது எண்பது ரூபாய் அதிகம். அவள் கேட்டது ஐம்பது.

சென்னம்மாவுக்குக் கோபத்தில் கன்னடம் வந்துவிட்டது. "பேட, நமகெ பேட, நமக்கு வேண்டாம்" என்று கையிலிருந்த கத்தரியைத் தரையில் வைத்தாள். மாதேஸ்வரி வெங்கடப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்; அதில் தூசி இல்லை.

"எத்தன நாளைக்கும்மா?"

"நாலு நாளு. அப்பறம் வேன்லயே கொண்டாந்து விட்டுருவாங்க."

பார்த்தீர்களா, வாசகரே? பணம் இருக்கிறது. எண்பது ரூபாயும், அதற்குமேல் வேன் வாடகையும், சுரேந்தரின் தரகும் இருக்கிறது. இல்லாததால் மறுக்கவில்லை. எண்பது ரூபாய் நான்கு நாளில் வேனேறிப் போய்விடும். ஐம்பது ரூபாய் போகாது, இங்கேயே உட்கார்ந்துகொள்ளும், ஆடியிலும் உட்கார்ந்திருக்கும். வருகிற கூலியைக் கண்டு யாரும் அஞ்சவில்லை. தங்குகிற கூலியைக் கண்டுதான் அச்சம்.

"எங்க ஊர்ல இந்த மாசம் வேலையே இல்லக்கா" என்றாள் ஜெபசீலி. "இவ்வளவு தூரம் வந்தவங்களப் போன்னு சொன்னா நாங்க எங்க போறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். மேடையில் இதைக் கேட்க யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். எழுந்து நின்றாலும் ஒலிபெருக்கி நம் கையில் இருக்கும். தாளில் அப்படி இல்லை. ஜெபசீலியின் தூக்கில் இருப்பது ஒரு வேளைச் சோறு. அது அவளுடைய வாதம்.

மாதேஸ்வரி பதில் சொன்னாள்.

"போன்னு யாரும்மா சொன்னா? எறங்குங்க. எறங்கி வந்து எங்களோட உக்காருங்க. தையில மொட்டு வந்தா நாங்க மட்டும் பத்த மாட்டோம், உங்களையும் கூப்பிட்டுத்தான் ஆகணும். என்னா கூலின்னு முடியட்டும். எங்களுக்கு என்னாவோ அதுதான் உங்களுக்கும். அப்பறம் எல்லாருமா சேந்து வெட்டுவோம். ரெண்டு ஊருக்கும் போதுமான செடி இருக்குது."

"அவரு ஒத்துக்கலன்னா?"

"செடி காத்து நிக்காதும்மா. அவருக்கும் தெரியும்."

ஜெபசீலி தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். உள்ளே ஒதுங்கி வழி விட்டார்கள். வேனின் கதவு பாதி திறந்தது. அவளுடைய ஒரு கால் படியில் இற—

8

நிறுத்துகிறேன்.

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. பாருங்கள்.

முடிவு அ: ஜெபசீலி இறங்குகிறாள், அவள் பின்னால் வேனே இறங்குகிறது, வெங்கடப்பன் ஒப்புக்கொள்கிறார், செங்கொடி போல ரோஜாத் தோட்டம்— இந்த உவமையோடு சேர்த்து இந்த முடிவையும் அடித்துவிட்டேன். முடிவில் பிழையில்லை. இது நடக்கக்கூடியது; நடந்தாக வேண்டியது. ஆனால் நானே எழுதிவிட்டால், நீங்கள் அதைப் படித்தவர் ஆவீர்கள், செய்தவர் ஆகமாட்டீர்கள்.

முடிவு ஆ: அவள் உள்ளே போய்க் கத்தரியை எடுக்கிறாள். நான்கு நாளில் கவாத்து முடிகிறது. ஆடி வருகிறது. மேகலா பேருந்துக்கு நிற்கிறாள். இதற்கு உங்களிடம் கண்ணீர் தயாராக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்த முடிவைத் தரமாட்டேன்.

முடிவு இ: துணிகளைப் பார்த்த வெங்கடப்பனின் மனைவி மனம் இளகிக் கணவரைக் கண்டிக்கிறார். இதைப் பத்திரிகைகள் விரும்பும். அடுத்த ஆடியில் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தால் மாதேஸ்வரியின் கூலிக்கும் காய்ச்சல் வரும். நல்ல மனசை நம்பித் தொங்குகிற கூலியைக் கூலி என்று நான் எழுதமாட்டேன்.

ஆகவே கதவு பாதி திறந்தபடி நிற்கிறது. வெயில் குடிலின் பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. உள்ளே செடிகள் வெட்டப்படாமல் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

9

ஒன்று கேட்கட்டுமா? இங்கே எதில் வந்தீர்கள்?

வண்டி வாசலில் நிற்கிறது என்றேன், ஏறினீர்கள். ஜன்னலோரம் ஆள் இருக்கிறது, அடுத்த இருக்கையில் உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தீர்கள். எந்த வண்டி என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சம்பளம் கேட்டு உட்கார்ந்தபோது, அவருடைய நாற்காலிக்கு உங்களை அழைத்தார்கள் அல்லவா? உங்கள் பள்ளியில், உங்கள் ஆலையில், உங்கள் கடையில் யாரோ வாய் திறந்த மறுநாள் காலையில் வந்து நின்றதும் இதே வேன்தான். ஜெபசீலிக்குப் பசி இருந்தது. அவளை நான் குறை சொல்லமாட்டேன். உங்களையும் குறை சொல்ல இங்கே கொண்டுவரவில்லை. சாட்சியாகக் கொண்டுவந்தேன். சாட்சியின் வேலை பார்ப்பதோடு முடிவதில்லை.

உங்களுக்கு என்ன கூலி பேசினார்கள் என்பதை ஜன்னல் வழியாக உரக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைக் கேளுங்கள். அடுத்த ஆடி வந்து கோபம் மூளட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களைத் தேடி ஆட்டோ அனுப்புகிற மாதத்தில், பிரியாணி வருவதற்கு முன்னால், கேளுங்கள்.

முதலில் இந்தக் காரியம். ஜெபசீலி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். தனியாக இறங்க அவளுக்குத் தயக்கமாக இருக்கிறது. வேனில் அவள் பார்ப்பது பக்கத்து இருக்கையை.

எழுந்திருங்கள். இறங்குங்கள். அந்தக் கவிழ்த்த பெட்டிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு மாதேஸ்வரியின் பக்கத்தில் உட்காருங்கள். அந்த ஐம்பது ரூபாயை, ஆடிக்கும் சேர்த்து, நீங்களும் கேளுங்கள்.